வீட்டை ஓட்டுவதா, இழுப்பதா?
நியூசிலாந்தின் தெற்குத் தீவைச் சுற்றக் கேம்பர் வேனா, காருக்குப் பின்னால் டிரெய்லரா? தினம் ஓர் ஊர் என்றால் வேன்தான், யோசிக்கவே வேண்டாம். டிரெய்லர் இழுக்கும் காருக்கு அங்கே வேக உச்சவரம்பு 90 கி.மீ. அதுகூடப் பெரிய குறையில்லை, ரிவர்ஸ்தான் வதை. டிரெய்லரின் பின்புறம் வலப்பக்கம் போக ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். இருட்டில், மழையில், பக்கத்துக் கூடாரக்காரர்கள் வேடிக்கை பார்க்க இதைச் செய்வது தாம்பத்தியத்துக்கும் நல்லதல்ல. ஆனால் ஒரே ஏரிக்கரையில் ஒரு வாரம் தங்குகிறவர் வேன் எடுத்தால், பால் வாங்கப் போவதற்கும் படுக்கையை மடித்து, பாத்திரத்தை அடுக்கி, மின்இணைப்பைப் பிடுங்கி வீட்டோடுதான் கிளம்ப வேண்டும். டிரெய்லர்காரர் கொக்கியைக் கழற்றிவிட்டுக் காரில் போய்விடுவார். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் டிரெய்லரைத்தான் சொல்வேன். ரிவர்ஸைக் காலி மைதானத்தில் முன்கூட்டியே பழகிக்கொள்ளட்டும்.