மின்னொழுக்கு என்று எழுதி முடித்துவிடலாமா?

மலைநாட்டில் லயன் தொகுதியொன்று எரிந்துபோனால், மறுநாள் வெளிவரும் செய்தியின் கடைசி வரியை வாசகர்கள் செய்தியைப் படிக்காமலேயே சொல்லிவிடுவர். 'மின்னொழுக்கே காரணமென ஆரம்பக்கட்ட விசாரணைகளிலிருந்து தெரியவந்துள்ளது.' பெரும்பாலும் அந்த ஆரம்பக்கட்டமே இறுதிக்கட்டமும் ஆகிவிடுகிறது. வீடிழந்தோர் தோட்டப் பாடசாலையில் தங்கவைக்கப்படுவர். அரசியல்வாதிகள் பாயும் அரிசியும் கொண்டுவருவர். அதிகாரிகள் புத்திமதி கூறுவர்: அடுப்பை அணைத்துவிட்டு உறங்குங்கள், சாமி விளக்கைக் கவனியுங்கள், பிள்ளைகளின் கைக்குத் தீப்பெட்டி எட்டாமல் வையுங்கள்.

இந்தப் புத்திமதியில் பிழை எதுவுமில்லை. ஆனால் தீக்கான பொறுப்பு முழுவதையும் அடுப்படியில் நிற்கும் பெண்ணின் தலையில் சுமத்திவிட்டு, மற்றவர்கள் கையைக் கழுவிக்கொள்வதற்கு அது துணைபோகிறது. எனது ஆட்சேபம் அதுவே.

வத்தேகமவிலிருந்து பன்வில, மடுல்கலைப் பக்கமாக ஏறிச் செல்வோர், வெள்ளையர் காலத்து லயன்களை இன்றும் காணலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கில் கட்டப்பட்ட காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும். அவை அனைத்துக்கும் கூரை ஒன்றே. குடும்பம் பெருகியதும் இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து இன்னுமோர் அறை, பின்னால் தகரத்தால் ஒரு குசினி. அடுப்புக்கு மேலே விறகு காயும். மின்சாரமோ ஒருவர் வீட்டிலிருந்து மற்றவர் வீட்டுக்கு வயரிழுத்துப் போன வரலாறு கொண்டது. இத்தகைய கட்டடத்தில் பத்தாவது காம்பராவில் பிடித்த தீ, கூரை வழியாக முதலாவது காம்பராவரை ஓடிவந்துவிடும். அங்கு வசிப்பவள் அடுப்பை அணைத்து, விளக்கைக் குளிரவைத்து, புத்திமதி அனைத்தையும் எழுத்துப் பிசகாமல் பின்பற்றியவளாகவே இருக்கட்டும். அவளுடைய பிறப்புச் சான்றிதழும் பிள்ளையின் பாடசாலைப் புத்தகமும் சேர்ந்தே எரியும். இதில் அவளுடைய கவனயீனம் எங்கே இருக்கிறது?

புத்திமதியோடு நின்றுவிடாத மனிதர்களும் இந்நாட்டில் இருந்திருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அவர்களில் ஒருவர். மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு கவிழ்ந்து எரிகாயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்துவந்த அவர், விளக்கைக் கவனமாகக் கையாளுங்கள் என்று சொல்லி அனுப்பியதோடு அமையவில்லை. விளக்கையே மாற்றினார். குட்டையான, பாரமான கண்ணாடிப் போத்தல். உருண்டோடாதிருக்க இரு பக்கமும் தட்டை. சாய்ந்தாலும் எண்ணெய் சிந்தாதபடி திருகி மூடும் உலோக மூடி. 'சுதீபா' என்ற அந்த விளக்குக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. கை தவறுவது மனித இயல்பு. தவறினாலும் உயிர் போகாதவாறு பொருளைச் செய்யவேண்டும் என்பதே அவர் பிடித்த வழி.

இதற்கு நேரெதிரான கதை 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நடந்தது. நாடெங்கும் சமையல் எரிவாயு அடுப்புகள் வெடித்தன. அப்போதும் முதலில் எழுந்த பேச்சு ரெகுலேட்டர் சரியில்லை, குழாய் பழையது, பாவனையாளருக்கு விளக்கம் போதாது என்பதுதான். பேராசிரியர் சாந்த வல்பலகே தலைமையில் நியமிக்கப்பட்ட குழு ஆராய்ந்தபோதோ, சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் விகிதத்தை மாற்றியதே பிரதான காரணம் எனத் தெரியவந்தது. எந்த இல்லத்தரசி தன் குசினியில் இருந்துகொண்டு அந்த விகிதத்தை மாற்றினாள்?

லயனுக்கு வருவோம். குடியிருப்பவர் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியின்றி ஒரு சுவரை உயர்த்தவோ இரண்டாவது கதவு வைக்கவோ இயலாது. வீடு அவருடையதன்று. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் பல தோட்டங்கள் 1992இல் கம்பனிகளுக்குக் கையளிக்கப்படாமல் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் போன்ற அரச நிறுவனங்களிடமே எஞ்சின. அங்கெல்லாம் வீட்டுச் சொந்தக்காரர் அரசாங்கமே. புத்திமதி கூறுவதும் அதே அரசாங்கம்!

தனி வீடுகள் வரும்வரை பொறுங்கள் என்பார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலதிகமாக 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றில் முதல் 1,300 வீடுகளுக்கான பணிகள் ஆரம்பித்துவைக்கப்பட்டது 2024 பெப்ரவரியில். தீ அவ்வளவு காலம் பொறுத்திருக்குமா?

தனி வீடு கிடைக்கும்வரை லயனில் செய்யக்கூடியவை உள்ளன. நான்கு காம்பராவுக்கு ஒன்றாகவேனும் சுவரைக் கூரைவரை உயர்த்திக் கட்டலாம். வீட்டுக்கு வீடு ட்ரிப் சுவிட்ச் பொருத்தி, பழைய வயர்களைத் தோட்டச் செலவிலேயே மாற்றலாம். லயனுக்கு ஒரு தண்ணீர்த் தாங்கியும் நீண்ட குழாயும் வைக்கலாம். 110க்கு அழைத்தால் கண்டியிலிருந்து தீயணைப்பு வாகனம் மலையேறி வந்து சேர்வதற்குள் கூரை விழுந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பல லயன்களின் வாசலுக்கு அந்த வாகனம் போகும்படியான பாதையும் கிடையாது. இவற்றில் எந்தெந்த வேலையை, எந்தத் தோட்டத்தில், எந்த மாதத்துக்குள் முடிப்பார்கள் என்பதை ஜனவசமவும் கூட்டுத்தாபனமும் எழுத்தில் அறிவிக்கட்டும். அதன்பின் அடுப்பை அணைப்பது பற்றி அவர்கள் தொழிலாளிப் பெண்களிடம் பேசலாம்.