தொட்டி இல்லாதவன் எதிலே சேமிப்பான்?

குழாய் பழுது பார்க்கிறோம், இரண்டு நாளுக்கு வேண்டிய தண்ணீரை முன்கூட்டியே பிடித்து வையுங்கள் என்று அறிவிக்கிறார்கள். எதிலே பிடிப்பது, தோழர்களே? நிலத்தடித் தொட்டி கட்டிய மாளிகை ஒரு வாரம் தாங்கும். தாம்பரத்து ஒண்டுக்குடித்தனத்திலே இருப்பது நாலு குடம், ஒரு டிரம்!

கடல்நீரைக் குடிநீராக்க நெம்மேலியில் 2013-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலை வந்தது. 2024-ல் 15 கோடி லிட்டர் ஆலையும் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் ஆலைக்கும் பராமரிப்பு வேண்டும். பாலாற்றுக் குழாயும் பழுதாகும். அந்த நாட்களிலே சிக்கனம் யார் தலையில் விடிகிறது? குடத்து நீரில் குடும்பம் நடத்துபவள் இன்னும் எதைக் குறைப்பாள்? குழாயிலே மோட்டாரை மாட்டி முன்னிரவே உறிஞ்சுகிறானே, அவனுக்குச் சொல்லுங்கள் சிக்கனத்தை!

2021-ல் மாநகராட்சியான தாம்பரம், தொட்டியில்லாத தெருவுக்கு முதல் லாரியை அனுப்பட்டும். கிளைத் தோழர்கள் அந்தத் தெருக்களின் பட்டியலை இன்றே எழுதி, வார்டு அலுவலகத்தில் கொடுங்கள்.