வாசல் வரை போதுமா?

அவசர ஊர்தியிலே பணியாற்றும் தோழர் ஒருவர் நமக்கு மடல் தீட்டியிருக்கிறார். வயது இருபத்தொன்பது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி, தமிழ் வழி. 2014ல் பன்னிரண்டாம் வகுப்பிலே 1200க்கு 742. பிறகு விலங்கியல் பட்டம், பிறகு ஊர்தி. அடிபட்டவரை அள்ளி எடுக்கிறாராம், குருதியை நிறுத்துகிறாராம், மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்கிறாராம். மருத்துவமனை வாசலோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது. உள்ளே நடப்பதைக் கற்க வேண்டும், டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. முடியுமா என்று கேட்கிறார்.

முப்பதை நெருங்குகிறவனுக்கு இந்த ஆசையா என்று சிரிப்பார்கள் சிலர். சிரிப்போருக்கு ஆல்பர்ட் சுவைட்சரை நினைவூட்டுகிறோம். சமயநூல் அறிஞர், இசை வாணர். முப்பதாவது வயதிலே, 1905ல், மாணவர்களோடு மாணவராக மருத்துவம் பயில உட்கார்ந்தார். 1913ல் ஆப்பிரிக்கக் காட்டிலே லம்பரீனுக்குப் போய் மருத்துவமனை கண்டார். அவரைப் போற்றுவோர், நம் ஊர்தித் தோழரைக் கண்டால் மட்டும் உதட்டைப் பிதுக்குவானேன்?

சட்டம் அவரைத் தடுக்கவில்லை. நீட் எழுத உச்ச வயது என்றிருந்த வரம்பை 2022 மார்ச்சிலே தேசிய மருத்துவ ஆணையம் நீக்கிவிட்டது. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டும் இல்லை. பள்ளியிலே உயிரியல் படிக்காதவர்கூடப் பின்னர் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறி வரலாம் என்று 2023ல் வழிவிட்டார்கள்.

பார்த்தீரா, பார்த்தீரா என்று இங்கேதான் நீட்டின் காவலர்கள் துள்ளுகிறார்கள். 2007 முதல் 2016 வரை உங்கள் தமிழகத்திலே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே மருத்துவக் கல்லூரிக்குச் சீட்டு. 742 வாங்கியவனுக்குக் கதவு ஒரேயடியாகச் சாத்தப்பட்டது. இன்றோ எந்த வயதிலும் எழுதலாம், நீட் அல்லவா பாட்டாளிக்கு வாழ்வளிக்கிறது என்கிறார்கள். இந்த வாதத்தைக் கேலி பேசித் தள்ள நாம் விரும்பவில்லை. பாதி உண்மை அதிலே இருக்கிறது. பதினேழு வயதிலே வாங்கிய மதிப்பெண் ஒருவன் நெற்றியிலே வாழ்நாள் முழுதும் ஒட்டியிருப்பது நியாயமல்ல என்பது நமக்கும் உடன்பாடே. மதிப்பெண் முறைக்காக வாதாடும்போது இதை நம்மவர்களும் மறந்துவிடலாகாது.

மறுபாதி என்ன? ஓய்வு பெற்ற நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021ல் தந்த அறிக்கையைப் புரட்டுங்கள். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களிலே முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்துத் திரும்ப முயன்றவர்கள் 2016-17ல் நூற்றுக்கு 12 பேர். 2020-21லே 71 பேர்! அடேயப்பா, இத்தனை பேருக்கு மறுவாய்ப்பா என்று மகிழ்வோமா? அந்த மறுவாய்ப்பு யாருக்கு? ஓராண்டு, ஈராண்டு வேலைக்குப் போகாமல், வீட்டிலே சோறும், பயிற்சி நிலையத்துக்குப் பணமும் கிடைக்கிறவர்களுக்கு. தமிழ் வழி மாணவரோ, 2016-17ல் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேராக இருந்தவர்கள், நீட் நுழைந்த 2017-18லே இரண்டு பேர்கூட இல்லை. வயது வரம்பை எடுத்தார்கள், வாடகையை எடுத்தார்களா? இரவுப் பணியை எடுத்தார்களா?

மொழியாவது துணை நின்றதா? 2018லே தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளிலே மொழிபெயர்ப்புப் பிழை. 196 மதிப்பெண் தருக என்றது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிழை செய்தவர் ஒருவர், மதிப்பெண் இழந்தவர் இன்னொருவர்!

நீட்டிலிருந்து விலக்குக் கேட்டு நம் சட்டமன்றம் 2021லும், ஆளுநர் திருப்பியனுப்பியபின் 2022லும் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தர மறுத்த செய்தி 2025 ஏப்ரலில் வந்தது. அந்தப் போர் தனி. அது முடியும்வரை ஊர்தித் தோழரைக் காத்திரு என்று சொல்ல நமக்கு மனமில்லை.

ஒன்று கேட்கிறோம். அரசுப் பணியிலே இருக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பிலே தமிழகம் தனி ஒதுக்கீடு தருகிறது. பணிக்கு மதிப்பளிக்கும் நல்ல ஏற்பாடு. எல்.எம்.பி. படித்துப் பணியாற்றியவர்களுக்குச் சுருக்கப் படிப்பு வைத்து எம்.பி.பி.எஸ். ஆக்கிய வழக்கமும் சென்னைக்கு உண்டு. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு என்று 2020லே சட்டம் இயற்ற முடிந்தது. கட்டணத்தையும் அரசே ஏற்க முடிந்தது. செவிலியருக்கும், ஆய்வகப் பணியாளருக்கும், ஊர்தித் தோழருக்கும் அதுபோல் சில இடங்கள் ஒதுக்கக் கூடாதா? தேர்வுக்குமுன் ஆறு மாதம் சம்பளத்தோடு விடுப்புத் தரக் கூடாதா? நோயாளியின் துடிப்பைப் பத்தாண்டு பார்த்த கையைவிடவா நான்கு விடைக் கட்டத்தைக் கறுப்பாக்கும் கை உயர்ந்தது?

தோழருக்கு நாம் சொல்வது இது. கணக்கைத் தெரிந்து இறங்குங்கள். 2025லே 22 லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதினார்கள், எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். மொத்தக் கேள்வி 180. அதிலே 90 உயிரியல், 720ல் 360 மதிப்பெண். விலங்கியல் பட்டம் உங்களுக்கு அங்கே கைகொடுக்கும். இயற்பியல்தான் உதைக்கும், பதினோராம் வகுப்பிலிருந்தே தொடங்குங்கள். சரியான விடைக்கு 4, தவறானதற்கு 1 பிடுங்கிக்கொள்வார்கள், குருட்டடி வேண்டாம். நுழைந்தபின் நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி. அந்த ஐந்தரை ஆண்டுக்கு வீட்டுச் செலவை யார் பார்ப்பது என்பதை இப்போதே இல்லத்தாரோடு பேசி முடிவு செய்யுங்கள். ஓராண்டில் முடியாது போகலாம், வேலையை விட்டுவிடாதீர்கள்.

கழகத் தோழர்களுக்கும் ஒரு வேலை. நாளேடு படிக்க நாம் கண்ட படிப்பகங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. மாலையிலே கேரம் பலகை மட்டும் ஓசையிடும் இடங்களும் உண்டு, நாம் அறிவோம். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் நூல்கள் ஒரு தொகுதி, பழைய வினாத்தாள்கள், இரவு பதினொன்று வரை எரியும் ஒரு விளக்கு, வாரம் இருமுறை வந்து இயற்பியல் சொல்லித்தரும் ஆசிரியத் தோழர் ஒருவர்: இதற்கு மாநாட்டுத் தீர்மானம் வேண்டியதில்லை. வட்டச் செயலாளர் மனம் வைத்தால் வருகிற ஞாயிறே தொடங்கலாம்.