மடியில் கனம் இருக்கிறது

ஆதார் நகலைக் கண்டவரிடமெல்லாம் நீட்டாதீர்கள் என்று சொன்னால், நம் ஓய்வூதியர்களிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை. ஒளிக்க நம்மிடம் என்ன சார் இருக்கு?" இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பணிக்கொடை, கம்யூட்டேஷன், விடுப்புச் சம்பளம் எல்லாம் வங்கியில் டெபாசிட்டாகக் கிடக்கிறது. மாதம் பிறந்தால் பென்ஷன். இதற்குப் பெயர் கனமில்லாமல் வேறென்ன?

நவம்பர் வந்தால் வாழ்நாள் சான்று. அதைப் புதுப்பித்துத் தருகிறோம் என்று போன் வரும். பேசுகிறவன் நம் பெயர், பி.பி.ஓ. எண், ஓய்வு பெற்ற தேதி எல்லாம் ஒப்பிப்பான். இவ்வளவு தெரிந்தவன் அரசாங்க ஆளாகத்தான் இருப்பான் என்று நம்பி ஓ.டி.பி.யைச் சொன்னால் தீர்ந்தது. ஓ.டி.பி. சொன்னவரைத்தான் ஊரே ஏசுகிறது. அந்த விவரமெல்லாம் அவன் கைக்கு எப்படிப் போனது என்று ஒருவரும் கேட்பதில்லை.

நான் எழுத்தராக இருந்தபோது ஒருவருடைய பணிப்பதிவேட்டை அலமாரியிலிருந்து எடுக்கவே மேலதிகாரியின் அனுமதி வேண்டும். இன்று பென்ஷன் ஆணையையே படம் எடுத்து, "கணக்கு சரியா பாருங்க சார்" என்று இருநூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள்!

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குக் கும்பகோணம் போனோம். லாட்ஜில் இருந்த பையன் என் ஆதார் அட்டையைத் தன் சொந்த செல்போனில் படம் எடுத்தான். எதற்குத் தம்பி என்றேன். "எல்லாரும் குடுக்கறாங்க சார்" என்றான். அழிக்கச் சொன்னதற்கு என்னை ஒரு கேடியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். வீட்டுக்காரியும் "விடுங்களேன்" என்கிறாள்.

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் அந்நாட்டுக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆளுக்கு ஒரு எண், அந்த எண்ணைக் கொண்டு எல்லா இலாகாக் கோப்புகளையும் இணைப்பது என்று அங்கே ஒரு திட்டம் போட்டார்கள். பெயர் சஃபாரி. 1974 மார்ச்சில் லெ மோந்த் பத்திரிகை அதை அம்பலப்படுத்தி, இது பிரெஞ்சுக்காரர்களை வேட்டையாடுவதா என்று கேட்டது. பெரும் கூச்சல். 1978 ஜனவரி 6ஆம் தேதி சட்டமே வந்துவிட்டது. கண்காணிக்கத் தனி ஆணையமும் வந்தது. ஒளிக்க ஒன்றுமில்லை என்று அவர்கள் சும்மா இருந்திருந்தால் வந்திருக்குமா?

நம் நாட்டிலும் ஒருவர் சும்மா இருக்கவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி 2012இல் உச்ச நீதிமன்றப் படியேறியபோது வயது 86. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அரசாங்கமோ வழவழா கொழகொழா. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஓட்டல், தியேட்டர் போன்றவை ஆதார் நகலை வாங்கி வைக்கக் கூடாது என்று அறிவித்தது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்களாம். இரண்டே நாளில் வாபஸ்!

ஆனாலும் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த 'மாஸ்க்டு ஆதார்' என்று ஒன்றை அதே ஆணையத்தின் இணையதளமே தருகிறது. பேரனைக் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் எடுத்துத் தருவான். முழு எண்தான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், எந்த விதியின்படி கேட்கிறீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். சர்வீஸ் முழுக்க கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஊராரை நாம் கேட்ட கேள்விதானே?