சுவருக்கு அந்தப் பக்கம்

"வேலை இருக்கு, வீடு இருக்கு, தங்கமான பொண்டாட்டி. உனக்கென்ன குறைச்சல்? எதுக்குடா மனசுக்கு மாத்திரை?" என்று கேட்டீர்களே பெரியம்மா, மற்றவர்கள் கேட்கலாம். நீங்கள் கேட்கலாமா?

நடுவே ஒற்றைச் சுவர். அப்பா குடித்துவிட்டு வந்து பெல்ட்டை உருவிய ராத்திரிகளில் அம்மாவின் அலறல் உங்களுக்குக் கேட்டது. கேட்டதால்தான் டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள். விடிந்ததும் என் தொடையில் தடித்துக் கிடந்த வரிகளைப் பார்த்து, "அடியாத மாடு படியாதுடா" என்றீர்கள். நான் மாடா பெரியம்மா? எனக்கு ஏழு வயது!

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அடி உண்டா என்று சொல்லிவிடுவேன். வாய்ப்பாடு படிக்க வேண்டிய மூளை அதைத்தான் படித்தது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா, மிரண்டு மிரண்டே சின்னச் சத்தத்துக்கும் துள்ளப் பழகிவிடுகிறதாம். கார்ட்டிசால் ஹார்மோன், ஆபத்து வந்தால் சுரந்து, விலகியதும் தணிய வேண்டியது. வீடே ஆபத்தானால் எப்போது தணியும்? அதைக் கட்டுக்குள் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸ், இப்படி வளர்ந்த பலருக்குச் சிறுத்திருப்பதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். இன்றும் யாராவது கதவைப் பலமாகச் சாத்தினால் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

மூன்றாம் முறை போனபோதுதான் டாக்டர் கேட்டார்: "சின்ன வயசுல வீட்ல எப்படி?" நாற்பது வயதுவரை என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. அழுதுவிட்டேன். அமெரிக்காவில் ஃபெலிட்டி, அண்டா என்ற ஆய்வாளர்களும் அவர்களது குழுவும் இதே கேள்வியை 9,508 பேரிடம் கேட்டுத் தொகுத்து 1998-ல் வெளியிட்டார்கள். அடி, வீட்டில் குடி, அம்மா அடிபடுவதைப் பார்த்தது போன்ற கொடுமைகளில் நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதுவும் அனுபவிக்காதவர்களைவிட மனச்சோர்வுக்கான வாய்ப்பு நான்கு மடங்குக்கும் அதிகம்.

"நானும்தான் அடி வாங்கினேன், நல்லா இல்லையா?" என்கிறான் உங்கள் மகன். அடிபட்ட எல்லாருக்கும் இது வருவதில்லைதான். ஆனால் அவன் ஓடி ஒளிய உங்கள் முந்தானை இருந்தது. என் அம்மாவோ எனக்கு முன்னால் அடிபட்டுக் கிடந்தாள். ஒரே ஒரு ராத்திரி உங்கள் கதவு திறந்திருந்தால்கூட அங்கே ஓடி வந்திருப்பேனே!

பொங்கலுக்கு வந்தபோது, நாங்கள் இருந்த அதே வீட்டில், இப்போது குடியிருப்பவர்களின் பிள்ளை வீறிட்டது. "அவங்க வீட்டு விஷயம், நமக்கெதுக்கு" என்று ரிமோட்டை எடுத்தீர்கள்.

கீழே வையுங்கள் பெரியம்மா. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நான் பேசிக்கொள்கிறேன். அந்தப் பிள்ளை அழுவது இந்த வீட்டில் கேட்கட்டும்.