யாருக்கு இந்த இலவசம்?

நமது சங்கத்தின் மாலை நேரக் கணினி வகுப்புக்குத் தன் மென்பொருளை ஓராண்டுக்கு இலவசமாகத் தருவதாக ஒரு கம்பெனி கடிதம் எழுதியிருக்கிறது. செயற்குழுவில் பெரும்பாலோர் கைதட்டி வரவேற்றார்கள். "தாராவியில் கூலி வேலை செய்கிறவன் பிள்ளைக்குப் பணக்காரப் பள்ளியில் உள்ளது கிடைக்கிறது. உங்களுக்கு ஏன் கசக்கிறது?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் நம்மைக் கேட்டார். கசக்கத்தான் செய்கிறது, ஐயா. ஏன் என்று சொல்ல, அமெரிக்காவில் ஓர் அச்சு எந்திரம் மக்கர் செய்த கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ரிச்சர்டு ஸ்டால்மன் 1971-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் நிரல் எழுதும் வேலையில் சேர்ந்தார். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் எடுத்துத் திருத்திக்கொள்வது அந்நாளில் அங்கே அடுத்த வீட்டில் உறைமோர் வாங்குவது போன்றது. கொடுத்தவர் வீட்டில் மோர் குறைவதில்லை. யாரும் ரசீதும் எழுதுவதில்லை.

அங்கிருந்த பழைய அச்சு எந்திரத்தில் அடிக்கடி தாள் சிக்கும். ஸ்டால்மன் அதன் நிரலில் சில வரிகளைச் சேர்த்தார். தாள் சிக்கியதும், அச்சுக்குக் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும். யாராவது எழுந்து போய்ச் சரிசெய்வார்கள். பிறகு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு புது லேசர் எந்திரத்தை அன்பளிப்பாகக் கொடுத்தது. இலவசம்தான்! அதிலும் தாள் சிக்கியது. ஆனால் இம்முறை அதன் மூல நிரலை, அதாவது மனிதன் எழுதி மனிதன் படிக்கக்கூடிய வடிவத்தை, கொடுக்கவில்லை. எந்திரத்துக்கு மட்டும் புரிகிற வடிவம்தான் வந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் மூல நிரல் இருப்பதை அறிந்து ஸ்டால்மன் நேரிலேயே போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் கையை விரித்துவிட்டார். ஸ்டால்மன் கோபத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி நடந்தார்.

ஓர் அச்சு எந்திரத்துக்கா இத்தனை கோபம் என்று சிரிக்கலாம். பட்டறையில் லேத் ஓட்டுகிற நம்மவரைக் கேட்டுப் பாருங்கள். பழுது எங்கே என்று அவருக்குத் தெரியும்; திருத்தவும் தெரியும். ஆனால் மூடியைத் திறப்பது குற்றம் என்று எழுதி ஒட்டியிருந்தால் அவர் என்ன ஆவார்? தொழிலாளி என்ற நிலையிலிருந்து பொத்தான் அமுக்குகிற கையாக இறங்கிவிடுவார். ஸ்டால்மன் கண்டதும் இதைத்தான்.

1983 செப்டம்பர் 27 அன்று, எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய முழு இயங்குதளம் ஒன்றைப் படைக்கப் போவதாக அவர் அறிவித்தார். அதற்கு குனூ என்று பெயர். 1984 ஜனவரியில் வேலையை விட்டார். எழுதுகிற நிரலுக்குக் கழகம் சொந்தம் கொண்டாடிவிடக் கூடாதே என்பதற்காக. (பிள்ளைகுட்டி இல்லாதவர், வேலையை விட முடிந்தது. கழகமும் பெருந்தன்மையாக அங்கேயே உட்கார்ந்து எழுத விட்டது. நமக்கு அப்படி வாய்க்காது.) வயிற்றுப்பாட்டுக்குத் தன் ஈமாக்ஸ் நிரலை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார்.

கவனியுங்கள்: விற்றார்! இலவசத்துக்காக அவர் போராடவில்லை. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இரண்டு பொருளையும் சுமக்கிறது; அதனால் அவர் வாழ்நாளெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தமிழனுக்கு இந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, விடுதலை வேறு. இரண்டுக்கும் தனிச் சொல் வைத்திருக்கிற நாமே குழம்பலாமா?

1989-ல் அவர் எழுதிய பொது உரிமம் முள்ளை முள்ளால் எடுக்கும் வேலை. பதிப்புரிமைச் சட்டத்தையே கையில் எடுத்து, 'இதை வாங்கித் திருத்தி வெளியிடுகிறவன் அடுத்தவனுக்கும் அதே உரிமையைக் கொடுக்க வேண்டும்' என்று கட்டிப்போட்டார். ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதிய லினக்ஸ் கருநிரல் மறு ஆண்டே இந்த உரிமத்தின் கீழ் வந்தது. 1998-ல் வேறு சிலர், வியாபாரிகள் மிரளக் கூடாது என்று, 'திறமூலம்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். பெயரில் விடுதலை போய்விட்டது என்று ஸ்டால்மன் இன்றும் சண்டை பிடிக்கிறார். அவரை நாம் மாலை போட்டு வணங்கவில்லை. பாலியல் வன்முறை விவகாரம் ஒன்றில் அவர் உதிர்த்த பேச்சுக்காக 2019-ல் தன் அமைப்பின் தலைமையிலிருந்தே விலக நேர்ந்தது. அந்தக் கண்டனத்துக்கு நியாயம் இருந்தது. நமக்கு வேண்டியது அவருடைய கோரிக்கை.

நமக்கு இது எப்படி வலிக்கிறது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். இந்த இதழின் ஒன்பது ஆண்டு ஏடுகளை ஒரு தமிழ் அச்சுக்கோப்பு மென்பொருளில் தயாரித்தோம். அது வேலை செய்ய, கணினியின் பின்னால் ஒரு சிறு பூட்டுக் கருவியைச் செருக வேண்டும். கருவி பழுதானது, விற்ற கம்பெனியும் கடையை மூடிவிட்டது. கோப்புகள் இருக்கின்றன, திறக்க முடியவில்லை. குடிசை அகற்றலை எதிர்த்து நம் தாய்மார்கள் சொன்ன வாக்குமூலங்கள் அவற்றில் கிடக்கின்றன. எழுதியவர்கள் நாம், சாவி மட்டும் நம்முடையதல்ல.

2020 மே மாதம் ஊர் திரும்பச் சிறப்பு ரயிலுக்கு நின்றபோது, ஆரோக்ய சேது செயலி கைபேசியில் இருக்க வேண்டும் என்றார்கள். இருப்பிடத்தைக் குறித்துக்கொள்கிற செயலி அது. உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டு என நாடெங்கும் பலர் கேட்டார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி ஆண்ட்ராய்டு செயலியின் மூல நிரலை அரசு வெளியிட்டது. செர்வரில் ஓடும் பகுதி அன்று வரவில்லை. என்றாலும், கேட்டதால்தானே அவ்வளவாவது வந்தது? இன்று உணவுப் பொட்டலம் சுமந்து ஓடும் நம் பையன்களின் கூலியை ஒரு செயலி கணக்குப் போடுகிறது. மளிகைக் கடைத் தராசுக்கு அரசு முத்திரை உண்டு, சோதனையும் உண்டு. இந்தத் தராசை எவர் சோதித்தார்?

"திருட்டுப் பிரதிதான் சும்மா கிடைக்கிறதே" என்பார்கள் சிலர். திருட்டுப் பிரதியும் மூடிய பெட்டிதான். பிள்ளைக்கு அதே பழக்கத்தை ஊட்டுகிறது, கூடவே பயத்தையும். "வேலைக்குப் போனால் கம்பெனி மென்பொருள் தெரியுமா என்றுதானே கேட்பான்?" என்பது நியாயமான கேள்வி; இதை நாம் ஒதுக்கவில்லை. லிப்ரே ஆபிஸில் கடிதமும் கணக்கு அட்டவணையும் போடப் பழகியவன் மற்றதைச் சில நாளில் பிடித்துக்கொள்வான். உலகின் அதிவேகக் கணினிகள் 500-ம் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு கைபேசியின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கருநிரலே. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி படிக்கிறார்கள். அதற்காக அங்கே ஆசிரியர்களும் வாதாடினார்கள்.

ஓராண்டு முடிந்ததும் என்ன விலை என்று கம்பெனியின் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. நாம் இரண்டு முறை படித்துப் பார்த்தோம்.

வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு பொதுக்குழு கூடுகிறது. அந்த இலவசத்தை மறுத்து, ஆறு கணினிகளிலும் கட்டற்ற மென்பொருளை நிறுவும் தீர்மானத்தை அங்கே வைக்கிறோம். பெண்களும் வந்து கை தூக்க வேண்டும். வகுப்பில் பாதிக்கு மேல் உங்கள் பெண் பிள்ளைகள். மூன்றாம் எண் கணினியில் லினக்ஸ் போட்டாகிவிட்டது. தமிழில் தட்டலாம், மராத்தியிலும் தட்டலாம், வந்து பாருங்கள். அச்சு எந்திரம் மட்டும் அதனோடு இன்னும் ஒத்துப்போகவில்லை. மாணவர்கள் இருவர் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.