குண்டு தேடிய மகுடம்!

மணியாச்சி ரயில் நிலையம். 1911 ஜூன் 17. வண்டியில் மனைவியுடன் அமர்ந்திருந்த நெல்லைக் கலெக்டர் ஆஷ் மீது குண்டு பாய்ந்தது. சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். திருவிதாங்கூர் வனத்துறையில் பணியாற்றியவர். இருபத்தைந்து வயது இளைஞர். நிலையத்துக் கழிப்பிடத்துள் புகுந்து தன்னையும் சுட்டு மாய்த்துக்கொண்டார். உயிரைத் துச்சமென எண்ணிய அந்தத் துணிவை மறுப்போர் அல்லர் நாம். ஆனால், தோழர்களே, துணிவு வேறு. துணிந்த காரணம் வேறு!

மாண்டவர் சட்டைப்பையிலே ஒரு கடிதம் இருந்தது. ஆஷ் கொலை வெறும் முன்னறிவிப்பு; இலக்கு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர்! அவர் இந்நாட்டில் கால் வைத்ததும் கொல்வதற்கு மூவாயிரம் பேர் உறுதி பூண்டிருப்பதாக முழங்கிற்று அக்கடிதம்.

என்ன குற்றத்திற்காக? அந்நியன் நாட்டைப் பறித்தான் என்றது, நியாயம்! அடுத்து, சனாதன தருமத்தை மிதித்தான் என்றது. இராமனும் கிருஷ்ணனும் ஆண்ட மண்ணிலே மாட்டிறைச்சி உண்ணும் மிலேச்சனுக்கு முடிசூட்டா என்று கொதித்தது. வரியால் வாடிய உழவனைப் பற்றி ஒரு வரி உண்டா? ஆலையில் தேய்ந்த தொழிலாளியைப் பற்றி ஒரு சொல் உண்டா? இல்லை! மகுடம் குற்றமன்றாம், மகுடம் தரித்தவனின் உணவு குற்றமாம்! அவ்வுணவை உண்போன் மிலேச்சன் என்றால், அதை உண்ணும் நம் சேரித் தோழன் யார்? வாஞ்சியின் அன்பர்கள் விடை கூறட்டும்.

அவ்வாண்டு டிசம்பர் 12-இல் டில்லி தர்பாரில் ஜார்ஜ் கம்பீரமாக வீற்றிருந்தார். மூவாயிரம் பேரில் ஒருவரும் வரவில்லை.

வந்திருந்தால் மட்டும்? இத்தாலியைப் பாருங்கள். 1898-இல் மிலான் நகரிலே, ரொட்டி விலையேற்றத்தை எதிர்த்த மக்கள்மீது பீரங்கி வெடித்தது. வெடிக்கச் செய்த தளபதிக்கு விருதளித்தார் மன்னர் உம்பர்ட்டோ. அமெரிக்காவில் பட்டு நெய்து பிழைத்த இத்தாலியத் தொழிலாளி பிரெஸ்கி, கடல் கடந்து வந்து, 1900 ஜூலை 29-இல் மோன்சா நகரில் மன்னரைச் சுட்டுக் கொன்றான். அது பசித்தவர்க்காகப் பொங்கிய சினம்! எனினும் விளைந்தது என்ன? தந்தை சாய்ந்தார், தனயன் அமர்ந்தார்! அரியணையை அகற்றியது துப்பாக்கியன்று. 1946 ஜூனில் மக்கள் அளித்த வாக்கு.

தூரதேசம் ஏன்? வாஞ்சியின் குண்டுக்கு மூன்றாண்டு முன்பு, அதே நெல்லைச் சீமையில், தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வ.உ.சி. தலைமையில் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு கண்டனர். ஒரு தோட்டா செலவாயிற்றா?

திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் வியர்வை சிந்தும் தோழனே! 1947-க்குப் பின்னும் பெயரளவில் எஞ்சிய பிரிட்டிஷ் மகுடத்தை 1950 ஜனவரி 26-இல் இறக்கியது அரசியல் சட்டம். அதன் 17-ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது. குண்டால் வீழாத முடியையும், அக்கடிதம் காக்கத் துடித்த தருமத்தின் கொடுமையையும் ஒருசேரத் தாக்கியது அந்த ஏடு!

வீரனென்று ஒருவனைக் காட்டி, வணங்கு என்பார்கள். எவனைச் சுட்டான் என்பதோடு நில்லாதே. யாருக்காகச் சுட்டான் என்று கேள்!